எம்.எஸ்.டபிள்யூ. சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுநிலைப் படிப்பு மாணவர்கள் களப்பணிக்கு எங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு ஏஜென்சி (களப்பணி நடக்கும் நிறுவனம்) தரப்பு மேற்பார்வையாளர் நான்தான். ஜூன் மாதம் வந்தால் படிப்பில் சேரலாமா என்று கேட்கும் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். செப்டம்பர் வந்தால், சேர்ந்துவிட்டு முழிக்கும் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

“சேவை செய்ய மனசு இருந்தா போதாதா? அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு?”

சேவைக்கு மனசு போதும். சமூகப்பணிக்கு அது தொடக்கம் மட்டும்தான். எங்கள் மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். பணக் கஷ்டம் போல என்று நினைத்து ஒரு நல்ல மனிதர் அவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமும் அவர் வரவில்லை. எங்களிடம் பயிற்சியில் இருந்த மாணவி வீட்டுக்குப் போய், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசினாள். சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தது. ஆனால் துணைக்கு வரும் மனைவிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. “நான் போய்ச் சேர்ந்துட்டா இவங்களாவது நிம்மதியா சாப்பிடுவாங்க” என்று அந்த மனிதர் மனதுக்குள் ஒரு முடிவே எடுத்திருந்தார்.

அவருடைய நேரத்தை மாலைக்கு மாற்றினோம். துணைக்கு வர அண்ணன் மகனை அந்தக் குடும்பமே ஏற்பாடு செய்துகொண்டது. அந்த மாணவி அவரோடு இன்னும் நாலு முறை பேசினாள். பிறகு வரத் தொடங்கினார். எதைக் கேட்பது, எப்போது கேட்காமல் இருப்பது, மருத்துவரிடம் என்ன சொல்வது, குடும்பத்திடம் எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் பழகித்தான் வரும். இந்தியாவில் இதற்கென்று முதல் கல்லூரி 1936ல் பம்பாயில் தொடங்கியது. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று அதைச் சொல்கிறோம். சென்னையில் 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது.

“நான் பி.காம். எனக்கு சீட் தருவாங்களா?”

தருவார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். பி.காம்., இயற்பியல், தமிழ் இலக்கியம், நர்சிங் என்று எல்லாவற்றிலிருந்தும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி.காம். படித்த ஒரு பையன் சுய உதவிக் குழுக்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய வேகத்தில் எங்களுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் மும்பை டாடா நிறுவனத்துக்கும் க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மதிப்பெண்ணும் நேர்காணலும்தான். நேர்காணலில் “ஏன் இந்தப் படிப்பு?” என்று கட்டாயம் கேட்பார்கள். “சின்ன வயசிலிருந்தே சேவை மனப்பான்மை” என்ற பதிலை அவர்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்து மனம் உறுத்திய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

“பி.எஸ்.டபிள்யூ. முடிச்சிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ.வும் அதேதானே?”

முதல் செமஸ்டரில் அப்படித்தான் தோன்றும். பாடத் தலைப்புகள் பல ஒன்றாகவே இருக்கும். ஆனால் இளநிலையில் பார்த்துத் தெரிந்துகொள்வது அதிகம். முதுநிலையில் நீங்களே ஒரு நபரை, ஒரு குடும்பத்தைப் பொறுப்பில் எடுத்துக்கொள்வீர்கள். பல வேலை அறிவிப்புகளில் கேட்பதும் முதுநிலைப் பட்டத்தைத்தான்.

“ரெண்டு வருஷத்துல அப்படி என்னதான் சொல்லித் தருவாங்க?”

அடிப்படை முறைகள் ஆறு. தனிநபரோடும் குடும்பத்தோடும் வேலை செய்வது (கேஸ் ஒர்க்), குழுவோடு வேலை செய்வது (குரூப் ஒர்க்), ஒரு பகுதி மக்களைத் திரட்டி அவர்கள் பிரச்சினையை அவர்களே கையில் எடுக்க உதவுவது, சமூகச் செயல்பாடு, நல நிறுவனங்களின் நிர்வாகம், ஆய்வு. இவற்றோடு மனித வளர்ச்சி, உளவியல், சமூகவியல், சட்டம், திட்டங்கள். கடைசியில் ஒரு ஆய்வேடும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும்.

இதில் கேஸ் ஒர்க்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917லேயே இதை ஒரு முறையாக எழுதிவைத்தார்: முதலில் தகவல் திரட்டு, பிறகு பிரச்சினையின் வேரைக் கண்டுபிடி, அப்புறம்தான் உதவி. 1957ல் பீஸ்டெக் என்ற பாதிரியார் உதவுபவருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு கோட்பாடுகள் சொன்னார். எல்லா மாணவர்களும் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். அந்த ஏழில் ஒன்று, தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவை எடுக்கும் உரிமை அந்த நபருக்கே உண்டு என்பது. புத்தகத்தில் ஒரு வரி. குடிக்கும் கணவனோடு திரும்பிப் போகிறேன் என்று ஒரு பெண் முடிவெடுக்கும்போது, அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு வரியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல் முறை அப்போதுதான் தெரியும்.

“பீல்டு ஒர்க், பீல்டு ஒர்க்னு சொல்றாங்களே, அது வாரத்துல எத்தனை நாள்? அங்க போய் என்ன செய்யணும்?”

வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள், சுமார் 15 மணி நேரம். மீதி நாட்களில் வகுப்பு. முதலில் பல இடங்களைக் காட்டிக் கூட்டிப்போவார்கள்: குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், மறுவாழ்வு மையம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று. பிறகு ஒரு ஏஜென்சியிலோ ஒரு குடிசைப் பகுதியிலோ ஒரு கிராமத்திலோ போடுவார்கள். இடையில் ஒரு வாரம், பத்து நாள் கிராம முகாம். கடைசியில் ஒரு மாதம் போல பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது முழுநேரமும் ஒரு நிறுவனத்திலேயே. கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும்.

முதல் மாதம் என்ன செய்வது என்றே தெரியாது. அது சகஜம். “ரேஷன் கார்டு வாங்கித் தருவியா?”, “எந்தக் கட்சி அனுப்பிச்சுது?”, “போன வருஷமும் ரெண்டு பொண்ணுங்க வந்து எழுதிட்டுப் போச்சுங்க, ஒண்ணும் நடக்கல” என்பார்கள். அந்தக் கடைசிக் குறை நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதாக நினைத்து ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. “என்னால என்ன முடியும்னு தெரிஞ்சிக்கிட்டு அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்றேன்” என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை போய் நில்லுங்கள். முடியாது என்று சொல்வதற்காகவாவது போய் நில்லுங்கள்.

என்னைக் கேட்டால் எம்.எஸ்.டபிள்யூ. என்பதே இந்தக் களப்பணிதான். வகுப்பில் கேட்டது எதுவும் நினைவில்லை என்று சொல்லும் பழைய மாணவர்கள்கூட, முதல் களப்பணியில் சந்தித்த குடும்பத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்வார்கள். கீழே பல கேள்விகளுக்கு நான் இங்கேயேதான் திரும்பத் திரும்ப வருவேன்.

“ரிப்போர்ட் எழுதியே கை வலிக்குது. யார் படிக்கப்போறாங்க?”

நல்ல மேற்பார்வையாளர் படிப்பார். வாரம் ஒருமுறை உங்களைத் தனியாக உட்காரவைத்து அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பேசுவதுதான் ஐ.சி. என்கிறோம், இன்டிவிஜுவல் கான்பரன்ஸ். “அந்தம்மா அழுதாங்க, நான் ஆறுதல் கூறினேன்” என்று எழுதியிருப்பீர்கள். “என்ன வார்த்தை சொன்னே? சொன்ன பிறகு அவங்க என்ன செஞ்சாங்க? ஏன் உடனே பேச்சை மாத்தினே?” என்று கேட்பார்கள். அந்த மூன்றாவது கேள்வியில்தான் படிப்பு நடக்கிறது. அழுகையைப் பார்க்க நமக்குத்தான் தாங்கவில்லை, அதனால்தான் பேச்சை மாற்றினோம் என்று அப்போது புரியும்.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சொதப்பியதையும் எழுதுங்கள். சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தேதி மாற்றி எழுதுவது சில இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் அதை இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன், ஏனென்றால் அந்த ஊரில் யாருமே தவறாகப் பேச மாட்டார்கள், எல்லாக் கூட்டமும் வெற்றிகரமாக முடியும். கோபத்தைவிட வருத்தம்தான் வரும். இரண்டு வருடத்தில் கிடைக்கும் மிக நல்ல பயிற்சியை அந்தப் பிள்ளை தானே தூக்கிப் போட்டுவிடுகிறது.

“எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?”

சென்னையில் மேலே சொன்ன மெட்ராஸ் ஸ்கூல், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. திருச்சியில் பிஷப் ஹீபர், பாரதிதாசன் பல்கலைக்கழகம். திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். இன்னும் பல உண்டு. வரிசைப்படுத்த மாட்டேன். பெயர் பெரிதாக இருந்து களப்பணி பேருக்கு நடக்கும் இடங்களும் உண்டு, சின்ன ஊரில் இரண்டே ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து நடத்தும் துறைகளும் உண்டு.

சேரும் முன் ஒருநாள் நேரில் போய், ஆசிரியர்களைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். ஐ.சி. வாராவாரம் உண்மையில் நடக்கிறதா? உங்கள் களப்பணி இடத்துக்கு ஆசிரியர் எத்தனை முறை வந்தார்? ஏஜென்சியில் உங்களைப் பார்த்துக்கொள்பவர் சமூகப்பணி படித்தவரா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் ஏதாவது எழுதித் தருகிறார்களா, வெறும் கையெழுத்துதானா? கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

“தமிழ் மீடியத்துல படிச்சவன். இங்கிலீஷ்ல தாக்குப்பிடிக்க முடியுமா?”

முதல் செமஸ்டர் கடினம்தான். புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், ரிப்போர்ட்டும் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான். ஆனால் களத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வெல்வது உங்கள் தமிழ். நகரத்தில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த ஒரு பிள்ளை “உங்க பேமிலி சிச்சுவேஷன் எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பதில் வராமல் நிற்கும். கிராமத்துப் பையன் “வீட்ல யாரு யாரு இருக்கீங்க ஆத்தா, சமையல் யாரு?” என்று கேட்பான். ஐந்து நிமிடத்தில் மொத்தக் கதையும் வந்துவிடும்.

எழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். களத்திலிருந்து திரும்பியதும் பேருந்திலேயே தமிழில் குறித்துவிடுங்கள், அவர்கள் சொன்ன சொற்களிலேயே. பிறகு அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். “மனசு பாரமா இருக்கு” என்றதை மன அழுத்த நோய் என்று மாற்றிவிடாதீர்கள். அந்தச் சொல்லை அப்படியே மேற்கோளில் வையுங்கள். இரண்டாம் ஆண்டில் இந்தப் பயம் போய்விடும்.

“என் பொண்ணைக் கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்புறாங்களே மேடம், பாதுகாப்பா?”

இந்தக் கேள்வியோடு வரும் அம்மாக்களை நான் ஒருபோதும் சமாதானப்படுத்தி அனுப்புவதில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. வீட்டுப் பார்வைக்கு, முக்கியமாக முதல் முறை, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஏஜென்சியில் எழுதிவிட்டுப் போக வேண்டும். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் வாசலோடு திரும்பி வந்துவிடலாம், அது கோழைத்தனம் ஆகாது. மேற்பார்வையாளரே சரியில்லாமல் நடந்துகொண்டால் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியில் இருப்பவர்களையும் காக்கிறது.

இதையெல்லாம் செய்யாத கல்லூரியாக இருந்தால் அம்மா கேள்வி கேட்கத்தான் வேண்டும். செய்கிற கல்லூரியாக இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள் அம்மா.

“ஸ்பெஷலைசேஷன் எதை எடுக்கிறது? ஹெச்.ஆர். எடுத்தாதான் வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க.”

வழக்கமான பிரிவுகள் மருத்துவ, மனநலச் சமூகப்பணி, சமுதாய வளர்ச்சி, குடும்பம், குழந்தை நலம், மனிதவள மேலாண்மை (ஹெச்.ஆர்.). ஹெச்.ஆர். இந்தப் படிப்புக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் வைக்க வேண்டும் என்றது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியது. அதாவது சமூகப்பணி படித்தவர் தொழிற்சாலைக்குள் போனது தொழிலாளியின் பக்கத்தில் நிற்பதற்காக: கேண்டீன், குழந்தைகள் காப்பகம், குறைகள், விபத்துக்குப் பிறகு குடும்பம்.

ஹெச்.ஆர். எடுப்பது தவறில்லை. நன்றாகச் செய்யும் என் பழைய மாணவர்கள் உண்டு. ஆனால் வேலை கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பதானால் எம்.பி.ஏ.வையும் யோசித்துப் பாருங்கள், அந்தப் பதவிகளுக்கு அவர்களோடுதான் போட்டி போடுவீர்கள். நல அலுவலர் ஆகும் எண்ணம் இருந்தால், உங்கள் கல்லூரிப் பட்டத்தை மாநில அரசின் விதிகள் அந்தப் பதவிக்கு ஏற்கின்றனவா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“வேலைக்குப் போய்க்கிட்டே தொலைதூரக் கல்வியில படிச்சா செல்லுமா?”

இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைதூரப் பட்டம் சட்டப்படி செல்லும். இக்னோவிலும் களப்பணி கட்டாயம். அங்கன்வாடிப் பணியாளராக, தொண்டு நிறுவன ஊழியராக ஏற்கெனவே பத்து வருடம் களத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

கல்லூரியிலிருந்து நேராக வரும் இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம், ரிப்போர்ட் பற்றிய கேள்வியில் சொன்ன ஐ.சி. வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒருவர் இல்லாவிட்டால், செய்த தப்பையே பத்து முறை செய்து அதை அனுபவம் என்று நினைத்துக்கொள்வோம்.

“டாக்டர், வக்கீல் மாதிரி நமக்குப் பதிவு எண் கிடையாதா?”

எல்லாச் சமூகப்பணியாளர்களையும் பதிவு செய்து, தவறு செய்தால் நீக்கும் அதிகாரம் கொண்ட தேசிய கவுன்சில் நம் நாட்டில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது: 2021ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல, மருத்துவமனைசார் சமூகப்பணியாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

கவுன்சில் இல்லாததன் விளைவு சட்டத்திலேயே தெரியும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்ட சிறார்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப்பணியாளர்களும் இருக்க வேண்டும், அந்த இருவரில் ஒருவராவது பெண். அங்கே சமூகப்பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் என்று பொருளில்லை. குழந்தைகளின் கல்வி, நலம், உடல்நலம் சார்ந்து ஏழு வருடம் வேலை செய்தவரும் வரலாம். அதே சட்டத்தில் குழந்தைகள் நலக் குழு உறுப்பினருக்குச் சொன்ன பட்டங்களில் சமூகப்பணியும் வெளிப்படையாக இருக்கிறது. நம் தொழிலுக்கு ஒரு கவுன்சில் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நமக்கு மரியாதை கிடைக்கும் என்பதைவிட, நம்மால் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க ஒரு இடம் வேண்டும் என்பதற்காக.

“எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சதும் மனநல ஆலோசகர்னு போர்டு மாட்டலாமா?”

மாட்டக்கூடாது என்பது என் கருத்து. இரண்டு வருடத்தில் ஆலோசனையின் அடிப்படை கற்றிருப்பீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை தரும் பயிற்சி அது இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் மனநலச் சமூகப்பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.பில்., அதுவும் மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சியுடன். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் அதைப் படிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2022 விதிமுறைகளோடு எம்.பில். பட்டத்தையே மானியக் குழு நிறுத்திவிட்டது. மனநலச் சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தந்தது. அதனால் சேர நினைப்பவர்கள் சீனியர் சொன்னதை நம்பாமல், சேரும் ஆண்டில் இந்தப் பயிற்சி எந்தப் பட்டப் பெயரில் நடக்கிறது, அது செல்லுபடியாகிறதா என்று நிறுவனத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

“சரி, வேலை எங்க கிடைக்கும்? சம்பளம் எப்படி?”

மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறையிலும் மனநலத் துறையிலும் சமூகப்பணியாளர் பணியிடம் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 உதவி எண்கள், சிறைத்துறை, தொண்டு நிறுவனங்கள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலை நம் மாநிலத்தில் முக்கியமானது. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு பேசுவதைவிடக் கடினமான உரையாடல் எங்கள் மருத்துவமனையில் வேறு இல்லை. கல்லூரி ஆசிரியர் ஆக ஆசைப்பட்டால் நெட் தேர்வில் சமூகப்பணி தனிப் பாடமாகவே இருக்கிறது.

சம்பளம் பற்றி மறைக்க மாட்டேன். முதல் சில வருடங்களுக்குக் குறைவுதான். அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும். கல்விக் கடன் பெரிதாக வாங்கிச் சேராதீர்கள் என்று பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுவேன். நம்மிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகள் மூன்று வருடத்தில் வேறு வேலைக்குப் போவது மனசு இல்லாததால் என்று யாரும் சொல்ல வேண்டாம். வாடகை கட்ட முடியாததால் போகிறார்கள். அது அரசும் நிறுவனங்களும் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

“முகாம்ல ஒரு பெரியவர் ‘நீ எந்த ஊரு, என்ன ஆளுங்க?’ன்னு கேட்டார். என்ன சொல்றது?”

எல்லோரையும் கேட்பார்கள். உங்கள் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. “காலேஜ்ல இருந்து வந்திருக்கோம் ஐயா, எல்லாத் தெருவுக்கும் போகணும்” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். இதைவிடக் கடினமானது அடுத்து வரும். ஊர்ப்பகுதியில் தண்ணீர் கொடுப்பார்கள், அப்புறம் “காலனிப் பக்கம் எதுக்கும்மா போறீங்க, இங்கேயே கூட்டம் போடுங்க” என்பார்கள். அங்கேயே கூட்டம் போட்டால் காலனியிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள், வந்தாலும் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் முதல் நாளே காலனியில் போய் உட்காருங்கள். அங்கே தரும் டீயைக் குடியுங்கள். முகாமில் தங்கும் இடத்தையும் கூட்டம் நடக்கும் இடத்தையும் யார் முடிவு செய்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

உங்கள் மனதுக்குள் இருக்கும் சாதியையும் பார்க்க வேண்டியிருக்கும். எந்த வீட்டில் உட்காரத் தயங்கினேன், யாரை வாங்க போங்க என்றேன், யாரை வா போ என்றேன் என்று. இதை ஐ.சி.யில் பேச வெட்கமாக இருக்கும். பேசுங்கள்.

“கிளையன்ட் பணம் கேட்டா? போன் நம்பர் கேட்டா?”

உங்கள் பையிலிருந்து பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் நீங்கள் கடன் கொடுத்தவர் போல அந்த வீட்டுக்குள் போவீர்கள், அவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். முதல் பதிலில் சொன்ன டயாலிசிஸ் நோயாளியும், பணம் கொடுத்தவரிடம் தன் முடிவைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பசியோடு ஒரு குழந்தை இருந்தால் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது வேறு. அதைச் செய்யாமல் வர என்னாலும் முடியாது. செய்ததை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். போன் நம்பருக்கு ஏஜென்சி எண்ணைக் கொடுங்கள்.

“ஒரு பொண்ணு என்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னா. ‘அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னு கையைப் பிடிச்சிக்கிட்டா. ரகசியம் காக்கணும்னுதானே படிச்சோம்?”

அவள் வயது பதினெட்டுக்குக் கீழே, சொன்னது பாலியல் வன்கொடுமை பற்றி என்றால், ரகசியம் காக்க உங்களுக்கு அனுமதி இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. மாணவி என்பதால் விலக்கு இல்லை. அன்றே, அந்த மணி நேரத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். நீங்களாக விசாரிக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். கல்லூரி ரிப்போர்ட்டில் அவள் பெயரோ ஊரோ பள்ளியோ வரக்கூடாது.

அவளிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். “நீ சொன்னதை நம்புறேன். உன் மேல தப்பில்லை. இதை நான் மட்டும் வச்சிக்கிட்டா உன்னைக் காப்பாத்த முடியாது, அதனால இன்னாருகிட்ட சொல்லப்போறேன், நீயும் கூட இரு.” இதனால்தான் எந்த உரையாடலின் தொடக்கத்திலும், யாராவது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிப் பழக வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது அப்படிச் சொல்லாமல் ஒரு பெண்ணுக்கு “சொல்லவே மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போனாள், ஆனால் என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

வயது வந்த பெண், தன் கணவன் அடிப்பதைச் சொன்னால் நிலைமை வேறு. பீஸ்டெக்கின் அந்த ஒரு வரி இங்கேதான் வரும். 2005 குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பு அலுவலர், 181 எல்லாவற்றையும் சொல்லுங்கள், முடிவு அவளுடையது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் மேற்பார்வையாளரோடு சேர்ந்து முடிவெடுங்கள், தனியாக எடுக்காதீர்கள்.

“ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நான் இதுக்கு லாயக்கில்லையோ?”

தூக்கம் வராதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், அவர்களில் பலர் நல்ல சமூகப்பணியாளர்கள் ஆகியிருக்கிறார்கள். கேட்ட கதை உங்கள் சொந்த வாழ்க்கையின் எதையோ தொட்டிருக்கலாம். அப்பா குடிப்பவராக இருந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையைப் போதை மறுவாழ்வு மையத்தில் போட்டால் என்ன ஆகும்? அதை மேற்பார்வையாளரிடம் சொல்லலாம், இடத்தை மாற்றிக் கேட்கலாம். ஐ.சி. இதற்கும்தான். அங்கே பேச முடியாவிட்டால் கல்லூரி ஆலோசகரிடம் போங்கள். எந்த நேரமும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண்ணை மற்றவர்களுக்குக் கொடுக்கும் நாம் நமக்காக அழைக்கத் தயங்குகிறோம்.

இரண்டு மாதம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால் ஒரு செமஸ்டர் இடைவெளி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

“இந்தப் பட்டத்தை வச்சு வெளிநாட்டுல வேலை பார்க்க முடியுமா?”

முடியும், ஆனால் நேராக முடியாது. இங்கிலாந்தில் சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதிவு செய்தால்தான் சமூகப்பணியாளர் என்ற பெயரையே பயன்படுத்தலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி அமைப்புகள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம். வெளிநாட்டுப் பட்டத்தை அங்குள்ள சமூகப்பணிக் கல்வி கவுன்சில் மதிப்பிட்டுத் தரும். அங்கே முதுநிலைப் படிப்புக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி.

அதனால் இப்போதிருந்தே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு களப்பணிக்கும் எந்த நிறுவனம், எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் யார், அவர் தகுதி என்ன என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வையுங்கள். ஆறு வருடம் கழித்து அந்தக் கடிதத்துக்காக என்னைத் தேடி வருகிறார்கள். சிலர் பயிற்சி எடுத்த தொண்டு நிறுவனம் அதற்குள் மூடியே போயிருக்கும்.